சுங்குடிச் சுவர்

கோமளா கட்டை விரலால் லேசாகத்தான் அழுத்தினாள்.

படக்.

பொரித்த அப்பளம்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உடையும். இந்தப் பிளாஸ்டிக்குக்கு அந்த மரியாதையும் தெரியவில்லை.

கேரவனின் பின்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. போன வாரம் மேலே பூசிய பசையும் துண்டோடு சேர்ந்து கீழே கிடந்தது. ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி தெரிந்தது. ஸ்டூல் தெரிந்தது. உடை மாற்றுகிற இடம் முழுசாகத் தெரிந்தது.

நாளைக்கு ஷூட்டிங்.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து ஊர் சுற்றிய வண்டி. அப்புறம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வருஷக்கணக்காக வெயில் காய்ந்தது, இன்னும் அங்கேதான் நின்றது. இரும்பு திடமாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் என்று இருந்ததெல்லாம், மூலைகள், கூரை மூடி, ஜன்னல் சட்டம், வெளுத்துப்போய்த் தொட்டால் உதிர்ந்தது.

அவளும் ஸ்டெல்லாவும் அதை வாங்கியபோது யூனிட்டே சிரித்தது. கேரவன் ஹீரோவுக்கு. ஹீரோயினுக்கு. இவர்கள் கூட்டத்தில் நிற்கிறவர்கள். கல்யாணக் காட்சியென்றால் கடைசி வரிசை, சாவுக் காட்சியென்றால் முதல் வரிசை.

சிரிக்கட்டும். சிரித்தவர்கள் யாரும் மறைப்பில் நின்று உடை மாற்றியதில்லை.

மறைப்பு என்றால், வெட்டவெளியில் நாலு பேர் ஒரு புடவையை விரித்துச் சுற்றிப் பிடிப்பார்கள். நடுவில் ஒருத்தி அவசர அவசரமாக மாற்றிக்கொள்வாள். காற்றடித்தால் போச்சு. மரத்து மேல் எவனாவது இருந்தால் போச்சு.

போன படத்தில் அப்படி ஒருவன் இருந்தான். ஸ்டெல்லாவைப் போனில் எடுத்துவிட்டான்.

ஸ்டெல்லா அப்போது அழவில்லை. ஷாட்டில் அழுதாள். டைரக்டர் பிரமாதம் என்று கை தட்டினார்.

அந்தக் கைதட்டல் இன்னும் கோமளாவின் காதில் எரிந்தது.

விழுந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பூசினால் எப்படி நிற்கும்? கிழிந்த ரவிக்கைக்கு வெளிப்பக்கமா ஒட்டுப் போடுகிறோம்? உள்ளே துணி கொடுத்தல்லவா தைக்கிறோம்.

சட்டென்று உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் அடித்துக்கொண்டாள்.

உதிர்ந்த சில்லுகளையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு அசிட்டோனை ஊற்றினாள். நகப் பூச்சு அழிக்கிற அதே வாடை. வெயில் ஏறுவதற்குள் சில்லுகள் கரைந்து இட்லி மாவுப் பதத்துக்கு வந்தன. அதற்குள் விரிசல்கள் ஓடி முடிகிற இடங்களில் சின்னத் துளை போட்டாள், மேற்கொண்டு ஓடாமலிருக்க. உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்தாள்.

இனித் துணி வேண்டும். மாவை நன்றாகக் குடிக்கிற பருத்தித் துணி.

பையைத் திறந்தாள். மறைப்புப் புடவை இருந்தது. அரக்கு நிறச் சுங்குடி. எத்தனை ஊர்க் காற்றில் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஸ்டெல்லா பதறிப்போனாள்.

"இதப் போயி கிழிக்கிறியே கோமளாக்கா! நாளிக்கு மறைப்புக்கு இன்னா பண்றது?"

கோமளா புடவை நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அடுத்த கீற்றையும் கிழித்தாள்.

உடைந்த துண்டை அதன் இடத்தில் பொருத்தினாள். உள்ளே மாவு, அதன் மேல் சுங்குடி, மறுபடி மாவு, மறுபடி சுங்குடி. காயக் காய வைத்தாள். வெளியே மெலிதாக ஒரு பூச்சு, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்.

பொழுது சாய்ந்ததும் ஸ்டெல்லாவை உள்ளே விட்டு, எல்லா விளக்கையும் போடச் சொன்னாள். வெளியே நின்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். கூரைக்கு ஏணி போட்டு ஏறியும் பார்த்தாள்.

பொட்டு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை.

கட்டை விரலால் அழுத்தினாள். முஷ்டியால் குத்தினாள். அப்புறம் முதுகைக் கொடுத்து உடம்பு மொத்தத்தையும் சாய்த்தாள்.

நின்றது.

இருட்டுகிற நேரத்தில் தோப்பில் தன்னந்தனியாக நின்று சிரித்தாள்.

மறுநாள் கேரவன் ஒரு ஜீப்பின் பின்னால் ஊருக்குள் நுழைந்ததும் ஊரே கூடிவிட்டது. கேரவன் வந்தால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். வேப்பமரத்தில் ஒருவன் ஏறிவிட்டான். கையில் போன். குறி பின்மூலைக்கு நேராக.

கோமளா உள்ளே அந்த மூலையில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவரில் சுங்குடிப் புள்ளிகள் கல் மாதிரி இறுகியிருந்தன.

சாவுக் காட்சி. பெண்கள் ஒவ்வொருத்தியாக வெள்ளைப் புடவைக்கு மாறினார்கள். ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று வெறுமனே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை விரட்டவில்லை.

"உள்ள யாரு? எந்த ஹீரோயினு?" வெளியே ஒரு குரல் கேட்டது.

"எல்லாருந்தான்!" என்றாள் கோமளா உள்ளிருந்தே.

குபீரென்று சிரிப்பு. வண்டியே குலுங்கியது. ஒரு சில்லும் உதிரவில்லை.

கதவு தட்டப்பட்டது. உதவி டைரக்டர். ஷாட் ரெடியாம். பிணம் படுத்தாயிற்றாம். சீக்கிரம் வரச் சொல்லி மைக்கிலேயே கூப்பிடுகிறார்களாம்.

ஸ்டெல்லா புடவையைக் கட்டி முடித்திருந்தாள். கதவைப் பார்த்தாள். மூலையில் இருந்த கோமளாவைப் பார்த்தாள்.

பிறகு கொசுவத்தை உருவி, முதலிலிருந்து அவசரமே இல்லாமல் ஒவ்வொரு மடிப்பாக மடிக்கத் தொடங்கினாள்.

வெளியே சாவு வீடு காத்திருந்தது.