ஜன்னலும் நான்கு சட்டைகளும்

தெசாங்கா கொத்தனாரின் மதிப்பீட்டுத் தாளைக் கட்டிலில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கவாதம் வந்த கணவன் வுகாஷின் இரண்டு வருடமாக மாடியை விட்டு இறங்கவில்லை. கீழே, வீட்டை ஒட்டி அவனுக்கு ஓர் அறை கட்டியாக வேண்டும். மாலை வெயில் அவன் போர்வைமேல் கிடக்கிறது. தாளில் தரை டைல்ஸைக் கோடிட்டு அடித்துவிட்டாள், வண்ணப்பூச்சையும் நீக்கிவிட்டாள், இன்னும் நூறு யூரோ துண்டு விழுகிறது. பென்சில் முனை ஜன்னலில் வந்து நிற்கிறது. “ஜன்னல்ல கை வைக்காதே. கொத்தனுங்களுக்குக் குடுக்கிற சட்டையை அடி,” என்கிறான் அவன். “கூரை போடுற அன்னிக்கு உத்தரத்துல அவங்களுக்குப் புதுச்சட்டை தொங்கலைன்னா ஊரே சிரிக்குமே!” என்கிறாள். “என் அலமாரியில அஞ்சு புதுச்சட்டை, மடிப்புக் கலையாம கெடக்கு. நாலு பேருக்கும் குடுத்துரு. வெள்ளையை மட்டும் வெச்சிரு. கடைசியா போட்டுவிட ஒண்ணு வேணும்ல?” அவள் சட்டையை அடிக்கிறாள். தாள் கிழிகிறது.