அக்கரை டாங்கி

போர் தொடங்கிய மூன்றாம் நாள், தென்கரை நாட்டின் டாங்கி ஒன்று ஆற்றைத் தாண்டி வந்து, வடகரையில் ஒரு நடவு வயலில் புதைந்து நின்றது. பக்கத்து ஊரைத் தரைமட்டமாக்கத்தான் அது வந்திருந்தது. ஓட்டுநர் இளம்பரிதி எவ்வளவு வேகம் கொடுத்தும் சங்கிலிப் பட்டைகள் சேற்றை வாரி இறைத்தனவே தவிர, டாங்கி நகரவில்லை. அதன் மேலிருந்த கொடி அடையாளமும் சேற்றில் மறைந்துபோனது.

ஊர்க்காரர்கள் மண்வெட்டிகளோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்த செங்கமலம், "நம்ம புள்ளைங்கதானே?" என்று கேட்டாள். இரண்டு கரையிலும் ஒரே பேச்சுதான்.

"ஆமாம்மா," என்றான் இளம்பரிதி.

மதியம்வரை தோண்டினார்கள். வீட்டுக் கதவுகளைக் கழற்றிவந்து பட்டைகளுக்கு அடியில் போட்டார்கள். செங்கமலம் அவனுக்குக் கம்பங்கூழ் கொடுத்தாள். இரண்டு சொம்பு குடித்தான். டாங்கி மேடேறியதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஊருக்குள்ள விடு," என்றார் டாங்கிக்குள் இருந்த கேப்டன்.

"இவங்க ஊருக்குள்ளயா சார்?"

"உத்தரவு அதுதானே."

இளம்பரிதி இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். கேப்டன் தடுக்கவில்லை.

"அம்மா, நாங்க அக்கரை ஆளுங்க. ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுங்க."

செங்கமலம் அவனையே பார்த்தாள். "கூழு குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள்.

மண்வெட்டியோடு நின்ற யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.