தானாக ஏறும் சத்தம்

ரேடியோ அலற அலற ஒரு கார், தம்போயில் இருக்கும் குணாளனின் பட்டறைக்குள் நுழைந்தது. காதைப் பொத்திக்கொண்டு சந்திரமதி இறங்கினாள்.

"தம்பி, இதைக் கழட்டிட்டு வேற ரேடியோ போடுங்க. நான் வாயைத் திறந்தாலே தானா சத்தம் ஏறுது. ரோசாக் ஆயிருச்சு லா, கெட்டே போச்சு."

குணாளன் உள்ளே உட்கார்ந்து அரைமணி நேரம் சோதித்தான். ஒரு கோளாறும் அகப்படவில்லை.

"அக்கா, நானும் பேசிப் பேசிப் பார்த்துட்டேன். ஏறலையே?"

"நான் பேசினாத்தான் ஏறும்" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

காரை ஓட்டிவந்த அவள் கணவன் யுகேந்திரன் மெல்ல அருகில் வந்தான்.

"தம்பி, புதுசு போட்டாலும் ஸ்டியரிங்ல இருக்கிற சத்த பட்டன் வேலை செய்யுமா?"

"அதுக்குத் தனியா ஒரு அடாப்டர் மாட்டணும், அண்ணே. எதுக்கு வீண் வேலை? புது ரேடியோவில பெரிய திரை இருக்கு. அதைத் தொட்டே சத்தத்தைக் கூட்டிக்கலாம்."

யுகேந்திரன் தேத்தண்ணிக் கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"திரையைத் தொட்டா அவ பார்த்துருவாளே, தம்பி."