மேலே இரண்டு வரி

“ஏம்மா, இன்னைக்கு இது என்னா இம்புட்டு நீளம்?”

மங்களத்தின் கையிலிருந்த நாடாவை உடையப்பன் வெடுக்கென்று இழுத்தார். அந்த ரப்பர் கம்பெனியின் ஈப்போ கிளைக்கு அவர்தான் மேனேஜர். சேதியை ஓட்டை ஓட்டையாகக் குத்தி டெலக்ஸ் மெசின் வழியாக அனுப்பும் அந்தக் காகித நாடாவை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

மங்களம் எழுந்து நாடாவின் மேல்நுனியைக் காட்டினாள்.

“தலைப்பு சார். யாரு அனுப்புறது, யாருக்குப் போவுதுன்னு மேல வருமில்ல, அது.”

“தலைப்பெல்லாம் மெசின் சமாச்சாரம். ரப்பர் ஷீட்டு விசயம் ஒழுங்காப் போய்ச் சேந்தாச் சரி.” நாடாவை அவள் மேசையில் போட்டுவிட்டுத் தம் அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பாப்பா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

“என்னாடி பண்ணி வச்சிருக்க?”

“நடுவுல ஒரே ஒரு வரி குத்திருக்கேன்க்கா. ‘கமுந்திங் கிளைக்கு மாற்றல் வேண்டும், அவசரம்.’ அவ்வளவுதான்.”

“அலாமாக்! பெரிய ஆபீசுக்கேவா?”

“வேற என்னாக்கா பண்ணச் சொல்றீங்க? மூணு தடவ கடிதாசி எழுதிக் குடுத்தேன். மூணும் அவரு டிராயர்ல தூங்குது. கேட்டா, நீ போயிட்டா இந்த மெசின யாரு மேய்க்கிறதுங்கிறாரு.”

மங்களத்துக்குத் தாலி ஏறி நாலு மாதம். கணவன் பெயர் பத்துமலை; அவனுக்குக் கமுந்திங்கில் துணி ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போய், சோறு ஆக்கிப் போட்டுவிட்டு, சாயங்காலமே ஈப்போவுக்குத் திரும்புவதுதான் அவர்கள் நடத்திய குடித்தனம்.

கோலாலம்பூரிலிருந்த பெரிய ஆபீசுக்குப் போகும் எந்தச் சேதிக்கும் உடையப்பன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தலைப்புக்கு மட்டும் அது வேண்டாம். கிளையின் பெயரும் மேனேஜர் பெயரும் குத்திய ஒரு சாண் நாடா ஆணியில் வருசக்கணக்காகத் தொங்கியது. முதலில் அதை ஓட்டிவிட்டுப் பின்னால் சேதியை ஓட்டுவது வழக்கம். இன்றைக்கு மங்களம் இரண்டுக்கும் நடுவில் தன் வரியை வைத்து ஒட்டியிருந்தாள்.

“நம்ம காப்பியிலயும் அடிச்சு விழுமேடி. படிச்சுட்டாருன்னா?”

“மேல ரெண்டு வரிய அவரு என்னைக்குப் படிச்சிருக்காரு?”

“படிச்சாருன்னா வேல போச்சு. கோப்பெங் தோட்டத்துல உங்கம்மா கூட ரப்பர் பால்மரம் வெட்டத்தான் போவணும், பாத்துக்க.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கக்கா.” மங்களம் நாடாவைச் செருகி விசையைத் தட்டினாள். மெசின் தடதடவென்று அதை விழுங்கியது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. இருவரும் மெசின்மேல் கவிழ்ந்துகொண்டார்கள். ஒவ்வோர் எழுத்தாக விழுந்த இங்கிலீஷைப் பாப்பா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

“உங்கள் வேண்டுகோள்... ஏற்றுக்கொள்ளப்பட்டது.”

“கெடச்சிருச்சுக்கா!” மங்களம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இருடி, இன்னும் அடிக்குது. கமுந்திங் போக யாருமே சம்மதிக்காதப்ப நீங்களா முன்வந்ததுக்கு ரொம்ப நன்றியாம். ஒன்னாந் தேதி கமுந்திங் கிளைய ஏத்துக்கணுமாம்...” பாப்பாவின் குரல் இறங்கியது. “திரு உடையப்பன்.”

பாப்பா மங்களத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி, அந்த வரியில உன் பேரப் போட்டியா இல்லியா?”

“பேருதான் மேலயே இருக்கேன்னு...”

“யாரு பேருடி இருக்கு?”

“அங்க என்னா கூட்டம்?” என்று கேட்டுக்கொண்டே உடையப்பன் வந்துவிட்டார். காகிதத்தைக் கிழித்தெடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அலமாரியைத் திறந்து முந்தாநாள் காப்பியை எடுத்து, மேலே இருந்த இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

பாப்பா தன் இடத்தில் உட்கார்ந்து, காகிதமே செருகாமல் வேகவேகமாக டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

“இப்ப நான் என்னான்னு சொல்றது? நான் கேக்கல, என் ஆப்பரேட்டர் கேட்டான்னா?” உடையப்பனின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “தன் பேருல என்னா போவுதுன்னே தெரியாத மேனேஜருன்னு பெரிய ஆபீசே சிரிக்கும்.”

“மன்னிச்சிருங்க சார்.”

“உக்காரு. நாடா குத்து.”

மங்களம் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்லக் குத்தினாள்.

“ஒன்னாந் தேதி கமுந்திங் கிளைய ஏத்துக்கறேன். நன்றி. அடுத்த வரி. ஆப்பரேட்டர் மங்களம் இனிமே ஈப்போ ஆபீசுல இருக்கக் கூடாது.”

அவள் கை நின்றது. “சார், வேலையில மட்டும் கை வச்சிராதீங்க சார். புத்தியில்லாமப் பண்ணிட்டேன்.”

“குத்தும்மா. உன் கையாலயே குத்து.”

குத்தினாள். கண்ணில் நீர் முட்டியதில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. விரல்கள் பழக்கத்தில் ஓடின.

உடையப்பன் அறைவாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

“கமுந்திங் மெசின வேற யாரு மேய்க்கிறது? உம் புருசன்கிட்ட ரெண்டு வீடாப் பாக்கச் சொல்லு லா, ஒன்னு எனக்கு!”