எட்டு இலக்கம்

கடைக்காரப் பெண் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"சிம் செத்துப் போச்சும்மா. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த வார்த்தையை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

முந்தாநாள் போன் கைதவறி விழுந்தது. பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். பொறுக்கிப் போட்டு ஆன் செய்தால் நாலு இலக்க எண் கேட்டது. இரண்டு வருஷமாக நான் அணைக்கவே விடாமல் வைத்திருந்த போன். இப்படி ஒன்றைக் கேட்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த எண்ணை வைத்தது மகள். அவள் பேரில் வாங்கி எனக்குக் கொடுத்த சிம் அது. போன் தொலைந்தாலும் வேறு யாரும் இதைப் போட்டுப் பேச முடியாது என்று சொல்லி, எண்ணையும் சொன்னாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சரி சரி என்றேன்.

மூன்று முறை போட்டேன். மூன்றும் தப்பு. அப்புறம் எட்டு இலக்கம் கேட்டது.

எட்டு இலக்கம் என்றால் பிறந்த தேதிதானே. நாள், மாதம், வருஷம் என்று கச்சிதமாகப் பொருந்தியது. அவள் தேதி, என் தேதி, என் வீட்டுக்காரர் தேதி, எங்கள் கல்யாணத் தேதி என்று நாலையும் போட்டுப் பார்த்தேன். அது பழைய பட்டன் போன். தப்பு என்று மட்டும் சொல்லும். இன்னும் எத்தனை தடவை பாக்கி என்று சொல்லாது.

"அது நாமளா வைக்கிற நம்பர் இல்லம்மா, கம்பெனி குடுக்கறது" என்றாள் கடைக்காரப் பெண். சிம் வந்த அட்டையில் இருந்திருக்குமாம். அட்டை மகளோடு போய்விட்டது.

அதே எண்ணில் வேறு சிம் வேண்டுமென்றால், யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டுமாம்.

அவள் நேரில் வந்தால் எனக்கு எதற்கு சிம்?

என் வீட்டுக்காரர் கடை வாசலில் தெருவைப் பார்த்து நின்றிருந்தார். கூப்பிடாமலே கூட வந்தவர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு, மகள் விஷயத்தில் மட்டும் பிரேக் போடத் தெரியாமல் போயிற்று. தனக்குப் பிடித்த ஒருவனைப் பற்றி அவள் சொன்னதும் வாய்க்கு வந்தபடி பேசினார். அன்று போனவள்தான். இனி இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றார். நானும் எடுக்கவில்லை. போனை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். இவர் எடுத்து ஹலோ என்றதும் வைத்துவிட்டாள். அந்த எண்ணுக்கு நான் திருப்பிக் கூப்பிட்டபோது யாரோ ஓர் ஆள் எடுத்து, ஒரு பெண் தன் போனை இரவல் வாங்கிக் கூப்பிட்டதாகச் சொன்னார். மறுபடி கூப்பிடுவாள் என்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இனி அவள் கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று யாரோ ஒருத்தியின் குரல் சொல்லும். அம்மாவும் அப்பா பக்கம் போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வாள்.

"அந்த எட்டு இலக்க நம்பரைப் பத்து தடவை தப்பாப் போட்டா இப்படித்தான் ஆகும். பத்தையும் போட்டு முடிச்சிட்டீங்க."

"நான் நாலு தடவைதான் போட்டேன்."

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஒரேயடியாக மகள் குரல் கேட்கக் கூடாது என்று இதையும் செய்துவிட்டாரா இந்த மனுஷன்?

"நீங்க போனைத் தொட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"அவ பொறந்த தேதியா இருக்கும்னு நெனச்சேன். நாளை முன்னாடி போட்டேன். மாசத்தை முன்னாடி போட்டேன். வருஷத்தை முன்னாடி போட்டேன். ஆறு விதமாவும் மாத்தி மாத்திப் போட்டுட்டேன்."

இரண்டு வருஷத்தில் அவள் பேச்சை அவர் எடுத்தது இதுதான் முதல் தடவை.

அவள் தேதியை, நாளை முன்னாடி வைத்து, நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.