மூன்று கூட்டத்துப் படை

செந்நாய்கள் மலையிறங்கி வருவதாகச் செய்தி வந்ததும், காட்டெருமை, பன்றி, மான் ஆகிய மூன்று கூட்டமும் சேர்ந்து ஒரே படை அமைப்பதென்று பேசி முடித்தன. எருமைத் தலைவி செவலைக்கு அதில் பெரிய நம்பிக்கை.

மறுநாள் ஆற்றங்கரையில் படை கூடியது. பன்றிகள் நொண்டிகளை அனுப்பியிருந்தன. மான்கள் கிழடுகளை அனுப்பியிருந்தன. செவலையும் லேசுப்பட்டவள் இல்லை, பல் போன இரண்டு எருமைகளோடுதான் வந்திருந்தாள்.

"பலசாலிகள் எங்கே அண்ணே?" என்று பன்றித் தலைவர் கோரையனிடம் கேட்டாள்.

"வீட்டுல குட்டிங்க இருக்கே தாயி, அதுகளை யாரு பாக்குறது? உன் காளைங்க மட்டும் எங்கே?"

செவலைக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் போனவள், தன் கன்றை ஓட்டிக்கொண்டு வந்து பன்றிகளின் புதரில் குட்டிகளுக்கு நடுவே நிறுத்தினாள். காளைகள் அத்தனையும் பின்னாலேயே வந்தன.

"இனி எங்க வீடும் இதுதான் அண்ணே. மான்களையும் பிள்ளைகளோட வரச் சொல்லுங்க."

கோரையன் அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓர் உறுமல் உறுமினார். கொழுத்த பன்றிகளெல்லாம் புதரை விட்டு வெளியே வந்தன. மான்களும் வந்து சேர்ந்ததும், குட்டிகளைச் சுற்றி வளையம் கட்டி நின்றன.

மாலையில் செந்நாய்கள் வந்தன. மிரண்ட மான்குட்டி ஒன்று வளையத்தை விட்டு ஓடியது. அதன் தாய்க்கும் முன்னால் கோரையன் பாய்ந்தார், கூடவே செவலையும் பாய்ந்தாள். முதல் செந்நாய் அவள் கொம்பில் சிக்கித் தூரப் போய் விழுந்தது. மற்றவை வந்த வழியே ஓடின.

கோரையன் மான்குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நம்ம பிள்ளைக்கு அடி ஒண்ணும் படலை," என்றார்.