தெருவைப் பார்க்காத மரங்கள்

"ஊரே மூழ்கப் போகுது. இவனுக்கு அடுப்பு விறகுதான் பெருசாப் போச்சு!"

மணல் மூட்டையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டுச் சொன்னாள் கடைக்காரி பராஸ்கீவா.

கவ்ரிலா நிமிர்ந்து பார்த்தான். பாலத்துக்கு மேல்பக்கம், ஆறு வந்து திரும்பும் வளைவில், முழங்கால் தண்ணீரில் தோமா நின்றிருந்தான். கையில் நீளத் துறட்டி. வெள்ளத்தில் உருண்டு வரும் மரங்களைக் கொக்கி போட்டு இழுத்து, தன் கொட்டகைப் பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து இதே வேலை.

கவ்ரிலாவுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. பனி உருகத் தொடங்கி மூன்று நாளாக மூட்டை சுமக்கிறான். அக்கரையில் ஆட்டுக் கொட்டகையில் அவன் மனைவி சம்ஃபிரா. ஆடுகள் குட்டி போடும் சமயம், விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள். பாலம் போனால் அவளுக்கு வேறு வழி இல்லை.

"நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று வேலிவரை போனான்.

"டேய் தோமா! வெக்கமா இல்ல? நாங்க இங்க செத்துக்கிட்டிருக்கோம்!"

தோமா திரும்பவில்லை. "மேல மர ஆலைப் பக்கம் போனியா?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்கு இப்ப அங்க என்ன வேலை? பாலத்தை விட்டு நகர முடியுதா? ஒரு ஆளை அனுப்பறேன், மரத்தைப் பாதிப் பாதி பிரிச்சுக்கோ. அப்புறமாவது வந்து மூட்டை தூக்கு."

"ஆள் வேண்டாம். அவனையும் மூட்டை போடச் சொல்லு."

"பாதி கொடுக்க மனசில்ல. அதானே?"

தோமா அடுத்த மரத்துக்குக் கொக்கியை வீசினான். துறட்டிக் கம்பில் ரத்தம் பட்டிருந்தது. கவ்ரிலா பார்த்தான், இருக்கட்டும் என்று திரும்பிவிட்டான்.

பகல் வெயிலில் மலையில் உருகியது சாயங்காலம்தான் ஊருக்கு வந்து சேரும். அன்று வந்தது, பாலத்துப் பலகையை நக்கிவிட்டுப் போனது.

காலையில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு முட்டு சாய்ந்திருந்தாலும் பாலம் நின்றது. சம்ஃபிரா மேல்சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"அந்தத் தோமா இல்லைன்னா பாலம் போயிருக்கும்" என்றாள் வந்ததும். "அக்கரையிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவு பெரிய மரம் ஒண்ணு முட்டுல மோதியிருந்தாலும் போதும்."

ஊர்த்தலைவர் நிகிதா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா வெட்டின மரத்தை ஆலைக் கரையில விட்டவன் யாரு? யாரும் போடக் கூடாதுன்னு போன வருஷமே சொன்னேனே!"

"அவன் கையை உடைக்கணும்" என்றான் கவ்ரிலா.

எல்லாரும் தோமா வீட்டுக்குப் போனார்கள்.

ஆற்றில் பிடித்த மரம் பிடித்தவனுக்கு. ஆனால் அடிமரத்து வெட்டு தெருவைப் பார்க்க அடுக்க வேண்டும். அந்த வெட்டில் வீட்டுக்கு ஒரு கோடரி அடையாளம் உண்டு. தோமாவுக்கு வட்டம், பராஸ்கீவாவுக்கு மூன்று கோடு, கவ்ரிலாவுக்குப் பெருக்கல் குறி. தன் மரத்தைப் பார்த்தவன் ஒரு புட்டி பிளம் சாராயத்தோடு வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

தோமா அத்தனை மரத்தையும் கொட்டகைச் சுவரைப் பார்க்க அடுக்கியிருந்தான்.

"பாத்தீங்களா? திருட்டுப் பய!" என்றாள் பராஸ்கீவா.

தோமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. "அப்புறமாத் திருப்பி வைக்கிறேன். இப்பக் கை தூக்க முடியல."

"எங்களுக்குக் கை இருக்கு."

"வேண்டாம்னு சொல்றேன்ல!" சட்டென்று எழுந்து அடுக்கின் முன்னால் நின்றான்.

"இப்பப் புரியுது" என்று பராஸ்கீவா சிரித்தாள். "கரையில விட்டவனும் இவனேதான். தன் மரத்தைத் தானே பிடிச்சு ஒளிச்சு வெச்சுட்டு, பெரிய வீரன்!"

தோமா மறுக்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"கவ்ரிலா, நீ போய்ப் பாரு" என்றார் நிகிதா. "நீ சொன்னா ஊர் ஒத்துக்கும்."

சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழைய இடம் இருந்தது. கவ்ரிலா நுழைந்தான். குனிந்தான். முதல் மரத்தை விரலால் தடவினான். பிறகு இரண்டாவதை. பிறகு கீழே கிடந்ததை.

பின்னாலேயே தோமா வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பேசாம வெளிய போ. என் பேர் ஏற்கெனவே கெட்டுப் போச்சு. இன்னொரு பேரும் எதுக்குக் கெடணும்?"

வெளியிலிருந்து நிகிதா கத்தினார். "யாரோடதுய்யா?"

'தோமாவோடது.' ஒரே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் கவ்ரிலாவுக்குத் தாங்கவில்லை.

அதை விழுங்கிக்கொண்டு மேலே கிடந்த மரத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, முக்கி முனகி, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

ஈரம் காயாத அடிமரத்தில், பளிச்சென்று, பெருக்கல் குறி.